வசந்தாவுக்கு

ஒட்டன்சத்திரம்
ஆடி 12

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. போனில் எவ்வளவு பேசினாலும் உன் கையெழுத்தைப் பார்ப்பது தனிச் சந்தோஷம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் எனக்கே அவனைத் தூக்க வேண்டும் போல் இருந்தது. இங்கே மழை இல்லை, காற்றுதான். வாசல் முருங்கை இரண்டாக முறிந்துவிட்டது. காயெல்லாம் தெருவுக்கே பங்கு வைத்தேன். ரிட்டயர் ஆகி ஒன்றரை வருடம் ஆகியும் காலை எட்டு மணியானால் கை லேப் மைக்ராஸ்கோப்பைத் தேடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், மாடி வீட்டுத் தண்ணீர்ச் சண்டைக்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். போன மாதம் இரண்டு நாள் லேசாகத் தீட்டுப் பட்டது, சூடுதான், வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறேன் என்று. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உனக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது சூடு இல்லை வசந்தா. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும்: வயதாக ஆக உள்தோல் மெலிந்துபோவது, இல்லையென்றால் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி. ஆனால் கர்ப்பப்பை வாயிலோ, கர்ப்பப்பைக்கு உள்ளேயோ புற்றுநோய் இருந்தாலும் இப்படித்தான் முதலில் காட்டும். எது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். குடித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்த மாதம் உங்கள் பகுதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடக்கப் போகிறது, அதில் பார்த்துக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதுவரை காத்திருக்காதே. முகாமில் செய்வது, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களைச் சலித்துப் பார்க்கும் பரிசோதனை. உனக்குத் தொந்தரவு வந்துவிட்டது. சலிப்பது வேறு, இருக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ பேர் 'பேப் ஸ்மியர் நார்மல்' என்ற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரத்தப்போக்கோடு மாதக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். கர்ப்பப்பை வாயைத் தேய்த்து எடுத்த செல்களைக் கண்ணாடியில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பேப் ஸ்மியர். இருபத்தெட்டு வருடம் அந்த ஸ்லைடுகளைப் பார்த்தவள் சொல்கிறேன். புண் இருக்கும் இடத்தில் அழுகிய சதையும் ரத்தமும் மூடியிருந்தால், தேய்த்து எடுக்கும்போது கெட்ட செல்லே வராமல் போய்விடும்.

என் பெரிய மதினியை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் பத்தாம் வகுப்பு லீவில் பணியாரம் சுட்டுக் கொடுத்தாரே, அவர்தான். ஒரு வருடத்துக்கு மேல் வெள்ளைபடுதல். ஒரு கிளினிக்கில் மாத்திரை மாற்றி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தடவைகூடப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. அவரும் வெளியே சொல்லவில்லை. நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர் அறையில் பகலிலேயே ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்த பாயைத் தானே சுருட்டி எடுத்துப் போனார். அந்த வாடையை மறைக்கத்தான் ஊதுபத்தி என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பக்கவாட்டில் பரவி, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயை அடைத்திருந்தது. மூன்றாம் நிலை. கதிர்வீச்சு கொடுத்தார்கள். எட்டு மாதம் இருந்தார்.

அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நீ பயப்படுவது எதற்கு என்றும் எனக்குத் தெரியும், அந்த மேஜைக்குத்தான். அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முழங்காலை மடித்துப் படுக்கச் சொல்வார்கள், மேலே துணி போர்த்துவார்கள். ஸ்பெக்குலம் என்று வாத்து அலகு மாதிரி ஒரு கருவி; அதை வைத்து மெல்ல விரித்தால் கர்ப்பப்பை வாய் நேராகக் கண்ணுக்குத் தெரியும். மூச்சை இழுத்து விடு, இடுப்பை இறுக்காதே. அசௌகரியம் இருக்கும், வலி அதிகம் இருக்காது. பிறகு கையுறை போட்ட விரலால் வாய் கெட்டியாக இருக்கிறதா, பக்கங்கள் இளகி இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்கே புண்ணோ வளர்ச்சியோ தெரிந்தால் வேறு சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த இடத்திலிருந்து நேராகச் சதை எடுக்க வேண்டும்.

கண்ணுக்கு எதுவும் தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் கால்போஸ்கோப்பி. பெயரைக் கேட்டுப் பயப்படாதே. அது வெளியே தள்ளி நிற்கும் பூதக்கண்ணாடி, உள்ளே போவதில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுப்பார்கள். வினிகரில் இருப்பதும் அதேதான். மாறிப்போன செல்கள் இருக்கும் இடம், முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பது போல் வெளுத்துக் காட்டும். அப்புறம் அயோடின் தடவினால் நல்ல தோல் கரும்பழுப்பாக மாறும், கெட்ட இடம் மஞ்சளாகவே நிற்கும். எங்கே சதை எடுக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். ஆனால் நம் வயதில் செல்கள் மாறுகிற அந்த விளிம்பு உள்பக்கமாகச் சுருங்கிப் போயிருக்கும். வெளியே வெளுக்கவில்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. கர்ப்பப்பை வாயின் கால்வாய்க்குள்ளிருந்தும் சுரண்டி எடுக்கச் சொல்வார்கள். உனக்கு கர்ப்பப்பைக்குள்ளும் பார்க்க வேண்டும். உள்தோல் எத்தனை தடிமன் என்று ஸ்கேனில் அளப்பார்கள்.

இப்படிச் சதை எடுத்துப் பார்ப்பதைத்தான் பயாப்சி என்பார்கள். எடுக்கும் சதை ஓர் அரிசி அளவுதான் இருக்கும். ஒரு கிள்ளு கிள்ளியது போல் இருக்கும், இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் படலாம். அது ஃபார்மலின் பாட்டிலில் எங்களிடம் வரும். மெழுகில் புதைத்து, சில மைக்ரான் மெலிசாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி ஸ்லைடாக்குவோம். அதைப் பார்த்து நோயியல் டாக்டர் எழுதுவதுதான் தீர்ப்பு. செல்கள் மேல்தோலுக்குள்ளேயே மாறிக் கிடக்கின்றனவா, அடித்தளச் சவ்வை உடைத்துக் கீழே இறங்கிவிட்டனவா? உடைக்கவில்லை என்றால் அது இன்னும் புற்றுநோய் இல்லை. மேல்தோலுக்குள் நிற்கும் அந்த மாற்றத்தை 'சின்' 1, 2, 3 என்று படி வைத்து எழுதுவார்கள். அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ, கம்பி வளையத்தால் வெட்டியோ எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும். உடைத்திருந்தால், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. மாதிரிப் படங்கள் எடுத்து, நிலையை முடிவுசெய்து, பிறகே சிகிச்சை.

இங்கே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். "வயசாகிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம், தொல்லை விட்டது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே. பயாப்சி முடிவு வருவதற்கு முன்னால் ஆபரேஷன் வேண்டாம். சாதாரணமாக நினைத்து எடுத்த கர்ப்பப்பை எங்கள் மேஜைக்கு வந்து, அதன் வாயில் புற்றுநோய் தெரிந்த நாட்கள் என் வேலையிலேயே மிக மோசமான நாட்கள். இந்த நோய்க்கான அறுவை வேறு மாதிரி, சுற்றியுள்ள திசுவையும் சேர்த்து எடுப்பது. முதலில் குறையாகச் செய்துவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம்.

சரி, முகாமுக்கு உன் மருமகளை அனுப்பு. முப்பது தாண்டிவிட்டாள் அல்லவா, அது அவளுக்கு உரியது. முகாமில் வினிகர் தடவி வெறும் கண்ணால் பார்க்கும் அந்தப் பரிசோதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலேயே 2000-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற நர்சுகளை வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் செய்தார்கள். அம்பிளிக்கை ஆஸ்பத்திரிக்காரர்களும் அதில் இருந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறப்பது மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு. லேப் இல்லை, மெஷின் இல்லை. ஒரு விளக்கு, பஞ்சு, வினிகர். என் மதினியின் ஊரும் இதே மாவட்டம்தான். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் கழித்து அது தொடங்கியது.

இப்போது எச்.பி.வி. கிருமியையே தேடும் பரிசோதனை வந்திருக்கிறது. இந்த நோய்க்குக் காரணம் அந்த வைரஸ்தான் என்று கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பஞ்சுக் குச்சியால் பெண்ணே தனக்குத் தானே எடுத்துக்கொடுக்கலாம் என்பது அதில் பெரிய வசதி. மருமகளுக்கு அதைச் செய்து 'பாசிட்டிவ்' என்று வந்தால் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசக் கூடாது. தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்து போகிற கிருமி அது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானே போய்விடும். போகாமல் தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பத்து, பதினைந்து வருடம் எடுக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையையோ, உன் மகனின் நடத்தையையோ எடைபோடுவது பாவம்.

ஸ்லைடில் என்னதான் தெரியும் என்று ஒருமுறை கேட்டாய், நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். பேப் சாயம் ஏற்றிய நல்ல செல் அகலமாக, இளஞ்சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோ பூவிதழ் போல விரிந்திருக்கும், நடுவில் கடுகு வைத்தது போல உட்கரு. கெட்டுப்போகும்போது இதழ் சுருங்கும், கடுகு இருந்த இடத்தில் மிளகு வந்து உட்காரும், கறுத்து, ஓரம் சொரசொரத்து. ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான பூவிதழ்களுக்கு நடுவே அப்படி ஐந்தாறு இருந்தாலும் நான் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து டாக்டரிடம் கொண்டுபோவேன். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்ததில்லை. நம்பர் மட்டும்தான் தெரியும். உன் கடிதம் வந்த ராத்திரி அந்த நம்பர்களெல்லாம் ஞாபகம் வந்தன.

உங்கள் ஊரில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வை. அன்றைக்குப் பட்டுக்கொண்டிருந்தாலும் போகலாம், கூச்சப்படாதே. அண்ணனிடம் நானே பேசிவிட்டேன்; அவர் ஒன்றும் சொல்லவில்லை, "நீங்க வாங்க தங்கச்சி" என்றார். வியாழக்கிழமை தாராபுரம் வழி பஸ்ஸில் வருகிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் உன் வீட்டில் இருப்பேன். முறிந்த கிளையில் இன்னும் பத்துப் பதினைந்து காய் மிச்சம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ராத்திரிக்குச் சாம்பார் வை.

உன்,
செல்வி