எட்டுப் பேர் அறுபது ஆனபோது

அன்புள்ள கயலுக்கு,

"இப்பல்லாம் ஆபீஸ்ல எதுவுமே காதுக்கு வர்றதில்லப்பா" என்று போனில் அலுத்துக்கொண்டாய். அது யார் குற்றமும் இல்லைம்மா. எட்டுப் பேராக இருந்த உங்கள் கம்பெனி இப்போது அறுபது பேர். யார் யாரோடு பேசலாம் என்று எட்டுப் பேரை இரண்டிரண்டாகக் கணக்குப் போட்டால் 28 ஜோடி. அறுபது பேருக்கு 1,770. பேச்சுவாக்கில் தெரிந்துகொண்ட சேதியெல்லாம் இனி யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

அந்த வேலையை நீ எடுத்துக்கொள். எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கம் போதும்: முடிவு, காரணம், தேதி, பொறுப்பு யாருடையது, வேண்டாமென்று விட்ட வழிகள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுவார்கள்; புதிதாக வருகிறவர் முதலில் கேட்பதும் அதைத்தான். உதாரணத்துக்கு, பில் போடும் புரோகிராமின் கோடில் ஒரே ஒரு பழைய வாடிக்கையாளருக்காக ஒரு 'இஃப்' (இப்படியென்றால் இப்படிச் செய் என்கிற) வரி இருக்கும்: அவருக்கு மட்டும் 30 நாள் தவணை அல்ல, 45. ஏன் என்பது முதல் எட்டுப் பேருக்குத்தான் தெரியும். புதியவர் வேண்டாத வரி என்று நினைத்து நீக்குவார். அந்த மாற்றத்தை ரிவ்யூ பார்ப்பவரும், அதாவது சரிபார்ப்பவரும், புதியவரென்றால் அப்படியே போய்விடும். 31ஆம் நாள் அந்த வாடிக்கையாளரின் கணக்கு தானாக முடங்கும். அந்த வரிக்கு மேல் காரணத்தைச் சொல்லி ஒரு கமெண்ட் எழுது, கூடவே அந்த வரி வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் போடு. கமெண்டைப் படிக்காமல் தாண்டிவிடலாம். டெஸ்ட் ஃபெயில் ஆனால் அந்த மாற்றத்தை மெர்ஜ் செய்யவிடாமல், அதாவது பொதுக் கோடில் சேர்க்கவிடாமல், தடுக்கலாம்.

ரிவ்யூ, ரிலீஸ் கட்டுப்பாடு என்று வேகம் குறைவதில் உனக்கு வருத்தம். 'வேகமாகப் போ, உடைத்தாலும் உடை' என்றிருந்த ஃபேஸ்புக்கே 2014இல் 'நிலையான உள்கட்டமைப்போடு வேகமாகப் போ' என்று மாற்றிக்கொண்டது. உடைந்ததைச் சரிசெய்யவே நேரம் போனால் வேகம் எங்கே மிஞ்சும்?

எதற்கும் ஃபவுண்டரிடம் நேராகப் போகும் பழக்கத்தை விடு. மேனேஜரிடம் வாரம் அரை மணி நேரம் கேட்டு வாங்கு. முடித்ததை ஒப்பிக்காதே, எது எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று சொல்.

வேலையை விடும் எண்ணமிருந்தால் முதலில் ஈசாப் (குறித்த விலையில் கம்பெனிப் பங்கை வாங்க ஊழியருக்குத் தரும் உரிமை) கடிதத்தை எடுத்துப் பார். வழக்கமாக நான்கு வருட வெஸ்டிங், அதாவது அந்த உரிமை முழுதாக உன்னுடையதாக நான்கு வருடம் ஆகும். முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றுமே கிடைக்காது. விலகியபின் எத்தனை நாளுக்குள் பங்கை வாங்க வேண்டும் என்று தேடு, பல இடங்களில் 90 நாள்தான். 1,000 ஆப்ஷன் (ஒன்றுக்கு ஒரு பங்கு வாங்கும் உரிமை), உனக்குக் குறித்த விலை 10 ரூபாய், வாங்கும் நாளில் மதிப்பு 400 என்று வை. வித்தியாசம் 3,90,000 ரூபாயும் வரிக்கு உன் சம்பள வருமானமாகவே கணக்காகும். 30 சதவீத வரம்பில் வரி 1,17,000, செஸ் தனி. ஒரு பங்கைக்கூட விற்றிருக்க மாட்டாய், பணம் கையிலிருந்து போகும். அங்கீகாரம் பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப்போட வழியுண்டு. உங்கள் கம்பெனி அதில் வருமா என்று எச்ஆரிடம் மெயிலில் கேள், வாய்ப்பேச்சில் வேண்டாம்.

அந்தக் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வரிவரியாகப் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா