அந்த நீலத்தை அழிக்காமல் விட்டவருக்கு

எல்லோருக்கும் தனித்தனியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால் இந்த ஒரே மடலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். அப்பாவுக்கு என்ன ஆனது, அந்த வாரங்கள் எப்படிப் போயின என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கூட இருந்தவர்களே நீங்கள்தான். அதை மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நான் படம் வரைந்த குழந்தைகள் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உங்களால்தான் போனது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

இதில் பெரும் பகுதி ஒரே ஒருவருக்குப் போகப்போகிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது. நானே நேரில் பார்த்ததில்லை. மூல ஓவியங்களை ஸ்கேன் செய்து, அச்சுக்கேற்ற கோப்புகளாக்கித் தரும் இடத்தில் வேலை பார்ப்பவர்.

அந்த வேலை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. நீர்வண்ண ஓவியத்தை ஸ்கேனர் வெளிச்சத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மேலே எழுந்து வரும். தூரிகையிலிருந்து உதிர்ந்த முடி, தூசி, சரியாக அழியாத பென்சில் கோடு, கை பட்ட அழுக்கு. திரையில் பல மடங்கு பெரிதாக்கிவைத்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போக வேண்டும். குழந்தைகளுக்கான படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) இரண்டு. பக்கம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் விளிம்பு முதல் விளிம்பு வரை வண்ணம். யாருடைய படம், யாருடைய கறை என்று யோசித்துக்கொண்டிருந்தால் வேலை நகராது. அழிப்பதுதான் அங்கே வேலை.

ஒரு மாலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஏதோ கோப்பு திறக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

“மேடம், 22, 23ஆம் பக்கம், அந்த ஆத்தங்கரைப் படம். அடி விளிம்புல நீலமா ஒரு கறை இருக்கு. பெருசாக்கிப் பார்த்தா ரேகை மாதிரி தெரியுது. உங்க விரல் பட்ட இடத்தையெல்லாம் மத்த படங்கள்ல க்ளீன் பண்ணிட்டேன். இது அதைவிடப் பெரிய விரல். வேற யாரோடதோன்னு தோணுச்சு. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்...”

அவருக்கு அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாது. பதிப்பாசிரியர் அங்கே எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் திரையில் பார்த்தது ஒரு கறை, அது இன்னொரு மனிதரின் அளவில் இருந்தது, அவ்வளவுதான்.

என்னால் உடனே பேச முடியவில்லை. அவர் காத்திருந்தார். “ஹலோ” என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு சொன்னேன், அது என் அப்பாவின் பெருவிரல் என்று. அப்பா இப்போது இல்லை என்றும் சொன்னேன்.

“அப்படின்னா அது இருக்கட்டும் மேடம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, “ஆனா அது முக்கால்வாசி ட்ரிம்முக்கு வெளிய இருக்கு. கட்டிங்ல போயிடும்” என்றார்.

புத்தகம் வெட்டப்படும் கோடுதான் ட்ரிம். அதற்கு வெளியேயும் சுற்றிலும் 3 மி.மீ. வண்ணம் இருக்க வேண்டும். ப்ளீட் என்போம். வெட்டு இம்மி நகர்ந்தாலும் வெள்ளை விளிம்பு தெரியாமல் காப்பது அதுதான். நான் இன்னும் தாராளமாக, நான்கு பக்கமும் 15 மி.மீ. வரை வெளியே தீட்டி வைப்பேன். அந்த உபரி இடத்தில்தான் அப்பாவின் விரல் பட்டிருக்கிறது. இயல்பாகப் போயிருந்தால், கழிவுத் தாளோடு கழிவுத் தாளாக வெட்டப்பட்டிருக்கும்.

அவர் அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். படத்தை 11 மி.மீ. மேலே தூக்கலாம். வெட்டு கொஞ்சம் தள்ளிப் போனாலும் ரேகை தப்பிக்கும். கீழே இன்னும் 4 மி.மீ. மிச்சமிருக்கும், ப்ளீடுக்கு 3 போதும். நிலா மேல் விளிம்பை நெருங்கிவிடும், பரவாயில்லையா? வானத்தில் இருக்கும் இரண்டு வரி எழுத்தை வடிவமைப்பாளர் சற்று இறக்க வேண்டியிருக்கும், அவரிடம் தானே பேசிக்கொள்ளட்டுமா? ஒவ்வொன்றையும் என் அனுமதி கேட்டுக் கேட்டுச் செய்தார். நிலா விளிம்பை நெருங்கியதில் அந்தப் பக்கத்துக்கு ஓர் அவசரம் வந்திருக்கிறது. எனக்கு அது முன்பைவிடப் பிடித்திருக்கிறது.

அதோடு விடவில்லை. அது அல்ட்ராமரீன் நீலம். இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அச்சு இயந்திரத்தின் நான்கு மைகளால் அந்த நீலத்தை அப்படியே எட்டவே முடியாது. சயான் தூக்கலாக இருந்தால் வெளிறும், மஜெந்தா கூடினால் ஊதாவுக்கு ஓடும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தனியாக ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்து அனுப்பினார். பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்வதற்குள், இன்னும் சரியாக வரவில்லை என்று அவரே சொல்லி மறுபடி ஒன்று எடுத்தார். எதையும் தொடாத, கறைகளெல்லாம் அப்படியே இருக்கும் முதல் ஸ்கேனையும் 1200 டிபிஐயில் எனக்கெனத் தனியாக அனுப்பிவைத்தார். நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றும் நிலையிலும் நான் இல்லை.

அது ஏன் நீலமாக இருந்தது என்று சொன்னால்தான் அவர் எதைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பது உங்களுக்குப் புரியும்.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. சிறு வயதில் நான் ஒரு பெரிய பச்சை மரம் வரைந்து, இலைகளுக்குள் சிவப்புப் பறவைகளை ஒளித்துவைத்து, கண்டுபிடியுங்கள் என்று நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். “எங்கேம்மா?” என்று கேட்ட குரலில்தான் அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று புரிந்தது. மரமும் பறவையும் தனக்கு ஒரே பழுப்பு என்று விளக்கிவிட்டு, “பறவையைக் கொஞ்சம் வெளுப்பாப் போடு. அப்பாவுக்குக் கிடைச்சிடும்” என்றார். போட்டேன். ஒவ்வொரு பறவையாக விரல் வைத்துக் காட்டினார். ஓவியம் பற்றி நான் பெற்ற முதல் பாடம் அதுதான். அதற்குப் பிறகு படித்த எதுவும் அந்த அளவுக்கு என் கைக்குள் இறங்கவில்லை.

நிறம் வேறு, அதன் ஒளி-இருள் வேறு. சிவப்பும் பச்சையும் எவ்வளவு எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகும். இன்று படத்தை ஒரு தட்டலில் சாம்பல் நிறமாக்கிப் பார்த்துவிடலாம். எனக்கு அப்பா இருந்தார். தாளின் அடி விளிம்பைப் பெருவிரலால் பிடித்து, கையை முழுக்க நீட்டி, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்ப்பார். “நல்லா இருக்கு” என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “தெரியுது” அல்லது “தெரியலை.” இரண்டே தீர்ப்புதான். புல்வெளியில் நரி தெரியவில்லை என்பார். இலைகளுக்குள் சிவப்புக் கவுன் போட்ட சிறுமி தெரியவில்லை என்பார். திரும்பத் தீட்டுவேன். அப்படித் திரும்பத் தீட்டிய பக்கங்களைத்தான், எல்லா நிறமும் தெரியும் குழந்தைகளும் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நூலகங்களில் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவர் சந்தேகமே இல்லாமல் நம்பிய நிறம் நீலம். சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நீலமும் மஞ்சளும் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். நான் வேலையைத் தொடங்கும்முன் வண்ணக் கட்டிகளை நனைத்து இளகவைக்க வேண்டும். அல்ட்ராமரீனை நனைப்பது மட்டும் அப்பாவின் வேலை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பெருவிரலால் தேய்ப்பார். மற்ற நிறங்களைத் தொட மாட்டார், எது எதுவென்று தவறிவிடுமோ என்ற தயக்கம். அதனால் எங்கள் வீட்டில் அப்பாவின் பெருவிரல் எப்போதும் நீலம்தான்.

அந்த ஆற்றங்கரைப் படம்தான் அவர் கையில் எடுத்துப் பார்த்த கடைசித் தாள். “தெரியுது” என்றார். அதற்குப் பிந்தைய பக்கங்களை யாரும் அப்படி நீட்டிப் பிடித்துப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஜான் டால்டனின் கதை மிகவும் பிடிக்கும். அணுக் கொள்கைக்குப் பெயர்பெற்ற அதே டால்டன்தான். தனக்கும் தன் சகோதரருக்கும் நிறங்கள் வேறு மாதிரித் தெரிவதை 1794இல் ஒரு கட்டுரையாக வாசித்தவர். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் அப்படி என்று நம்பினார். இறந்த பிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணின் மிச்சத்தைப் பாதுகாத்துவைத்தார்கள். 1995இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்து, பச்சை ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு அவரிடம் இல்லை என்று கண்டார்கள். “நூத்தம்பது வருஷம் கழிச்சு விடை கிடைச்சிருக்கு பார்” என்று அப்பா பூரித்துப் போவார், தனக்கே கிடைத்ததுபோல. இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அப்பாவிடம் இருக்கும் ஒரே எக்ஸ் அப்படியே மகளுக்கு வந்து சேரும். ஆகவே எனக்கு எல்லா நிறமும் தெரிந்தாலும், அவர் உலகைப் பார்த்த விதத்துக்கான எழுத்து என் உடம்பிலும் இருக்கிறது. இந்த நாட்களில் அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வேறு எந்த ஆறுதலைவிடவும் இது எனக்கு உறைக்கிறது.

இப்போது மற்றவர்களுக்கு. எப்போது முடியும் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் அச்சுத் தேதியைத் தள்ளிவைத்துக்கொண்டே போன பதிப்பாசிரியருக்கும், எதிரெதிரான இரண்டு பக்கங்களில் தன் வரிகள் முழுவதையும் எடுத்துவிட்டு அதை எனக்கு மௌனமாகக் கொடுத்த கதாசிரியருக்கும், உள்ளட்டையின் அடிப்பூச்சை என் டம்மியை (புத்தகத்தின் மாதிரிப் பிரதியை) பார்த்து இம்மி பிசகாமல் தீட்டிக்கொடுத்த இரண்டு ஓவிய நண்பர்களுக்கும், இரவுகளை முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டு என்னைத் தூங்க அனுப்பியவர்களுக்கும், அப்பாவின் படுக்கைக்கு எதிரே படங்களை ஒட்டிக்கொள்ளலாம் என்று தானாகவே வந்து சொன்ன செவிலியருக்கும், பதில் வராது என்று தெரிந்தே தினமும் இரண்டு வார்த்தை அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கும் என் நன்றி. உங்களில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் கடைசிப் பக்கங்கள் வெள்ளைத் தாளாகவே இருந்திருக்கும். ஒவ்வொருவரையும் பார்க்க வருவேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். இங்கேயே எழுதிவிட்டால் நானே பின்வாங்க முடியாது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவரிடம் இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணக்கு. மற்ற மக்களிடம் விகிதம் சற்றுக் குறையலாம், ஆனாலும் எந்த வகுப்பறையிலும் அப்படி ஒரு குழந்தை இருக்கக்கூடும். தனக்குத் தெரியவில்லை என்பதே அதற்குத் தெரியாது. “சிவப்புப் பந்து எங்கே?” என்று கேட்கும் பக்கத்தில் அந்தக் குழந்தை வாயடைத்துப்போய் நிற்கும், கவனமில்லை என்று திட்டும் வாங்கும். குழந்தைகளுக்காக வரையத் தொடங்கியிருக்கும் யாராக இருந்தாலும் உங்கள் டம்மியை எனக்கு அனுப்புங்கள். அப்பா பார்த்ததுபோலப் பார்த்துத் தருகிறேன். எந்தப் பக்கத்தில் கதையின் முடிச்சு சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி நிற்கிறது என்று சொல்கிறேன். முதல் கோட்டிலிருந்து மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு பூச்சைக் கூட்டுவதோ குறைப்பதோ போதும். அழகைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். தெரிகிறதா, தெரியவில்லையா, அது மட்டும்தான்.

கடைசியாக உங்களுக்கு, ஸ்கேன் பிரிவில் இருப்பவரே. நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டபோது, “என் வேலையைத்தானே மேடம் செஞ்சேன்” என்று மறுத்துவிட்டீர்கள். அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை. முதல் பிரதி உங்களுக்குத்தான் வருகிறது, 23ஆம் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த புத்தகத்துக்கும் உங்கள் பெயரைக் கேட்பேன். அப்போதும் மறுத்தால், அதற்கடுத்த புத்தகத்துக்கும் கேட்பேன்.