ஹப்தா

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. சேடா நகர் முருகன் கோயில் படி ஏறிவிட்டு வந்து இரண்டு நாள் படுத்திருந்தாள், அவ்வளவுதான். நீ பாரிஸிலிருந்து அனுப்பிய படத்தை எதிர்வீட்டு மராத்திப் பாட்டி வரைக்கும் காட்டியாயிற்று. நம் வீட்டில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது உனக்குத்தான் முதலில். நான் முப்பது வருஷம் மும்பை ஃபோர்ட்டில் வங்கிக் கிளையில் உட்கார்ந்து, அடுத்தவர் பாஸ்போர்ட்டில் டாலர் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி.

மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை இருக்கும்.

கீழ்வீட்டுப் பையன் மெஸ்ஸி சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படியில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அர்ஜென்டினா சமாசாரம் ஒன்று ஞாபகம் வந்தது. 2021 நவம்பரில் அந்த ஊர் மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது. வெளிநாட்டு விமான டிக்கெட், அங்கே தங்கும் ஓட்டல், வாடகைக் கார் எதற்கும் கிரெடிட் கார்டில் தவணை கொடுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு. ஜனங்கள் கடனாளி ஆகிறார்களே என்ற கவலை எல்லாம் இல்லை. கஜானாவில் டாலர் கரைந்துகொண்டிருந்தது, அதுதான் விஷயம். எங்களுக்கு இது புதிதா? எழுபதுகளில் நம் ஊரிலிருந்து வெளிநாடு போகிறவன் கையில் 8 டாலர்தான் கொடுத்தார்கள். 1991-ல், நீ கைக்குழந்தை, ரிசர்வ் வங்கியிலிருந்து சுமார் 47 டன் தங்கம் லண்டனுக்கு அடகு போனது. இரண்டு தெரு தள்ளி வேலை பார்த்த எங்களுக்கே பேப்பர் பார்த்துத்தான் தெரியும். இன்றைக்கு ஒருவர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

சொல்ல வந்தது அது இல்லை. அர்ஜென்டினாக்காரன் தவணையில் பறந்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. அங்கே விலைவாசி வருஷத்துக்கு ஐம்பது சதவீதம் ஏறியது. வட்டியில்லாத் தவணை கிடைத்தால், ஒரு வருஷம் கழித்து அவன் கட்டும் பணத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்புதான். அவனுக்கு அது லாபம். நமக்கு அப்படி இல்லையம்மா. இங்கே ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, அதாவது வட்டியில்லா மாதத் தவணை என்பார்கள். வட்டியைத் தள்ளுபடி மாதிரி முன்னால் கழித்துவிட்டு, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக வாங்குவார்கள், பிராசஸிங் கட்டணம் வேறு. ஒரு தவணை தவறினால் அப்புறம் எல்லாமே காஸ்ட்தான். கார்டு பில்லில் ‘மினிமம் டியூ’ என்று குறைந்தபட்சத் தொகை ஒன்று போட்டிருக்குமே, அதை மட்டும் கட்டிவிட்டு மீதியை விட்டுவைக்காதே. டூர் பேக்கேஜில் பிடித்த டிசிஎஸ் வரி, வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும், வரி ரிட்டர்னில் மறக்காமல் கழித்துக்கொள். மினிமம் டியூ மட்டும் கட்டாதே, திரும்பவும் சொல்கிறேன்.

இன்னொன்று, சும்மா தெரிந்து வைத்துக்கொள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்கு மேலும் கூப்பிடக் கூடாது. ரிசர்வ் வங்கி விதி.

நீ சின்னத்தை மாதிரி இல்லை என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் அப்படி இல்லை. ஆனாலும் பாரிஸ் ஓடியா போகிறது, கையில் சேர்த்துக்கொண்டு அடுத்த வருஷம் போயிருக்கலாமே என்று தோன்றத்தான் செய்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். உனக்கு ஏழு வயது, அந்தக் கலர் டிவி வந்த வருஷம். பதினெட்டு மாத ஹப்தா, தவணைதான்; அம்மாவிடம் பத்து மாதம் என்று சொல்லியிருந்தேன். நான்காவது மாதமே கையைக் கடித்தது. வசூலுக்கு வருகிறவர் பச்சை ரெக்சின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மணி அடிக்க மாட்டார், சாவியால் கதவைத் தட்டுவார். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு உன்னை அனுப்பினேன். “அப்பா நாக்பூர் போயிருக்காங்க” என்றாய். நாக்பூர் என்று நான் சொல்லித் தரவில்லை, நீயே சேர்த்தது. துளித் தடுமாற்றம் இல்லை. அவர் போனதும் உன்னைத் தூக்கிக்கொண்டு, என் சமத்து என்று சொல்லி ஃபைவ் ஸ்டார் வாங்கிக் கொடுத்தேன். அந்த மாதிரி நான்கு மாதம், கண்ணம்மா. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்லேட்.

போன செவ்வாய்க்கிழமை என் போனுக்கு ஒரு பையன் கூப்பிட்டான். நீ என் நம்பரை ரெஃபரன்ஸாகக் கொடுத்திருக்கிறாயாம். மரியாதையாகத்தான் பேசினான். நீ எங்கே என்று கேட்டான். நாக்பூர் போயிருக்கிறாள் என்று வாயில் வந்துவிட்டது.

எவ்வளவு பாக்கி என்று நான் அவனிடம் கேட்கவில்லை. நீ சொல். அடுத்த மாதம் ஒரு எஃப்டி முதிர்கிறது. எட்டரைக்கு அம்மா சீரியலில் உட்கார்ந்துவிடுவாள், நான் பால்கனிக்குப் போனை எடுத்துக்கொண்டு போகிறேன்.

அப்பா