மஞ்சக் கோட்டுக்கு இந்தாண்ட நிக்கற பசங்கள ரயில படம் எடுக்க விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கும்மிடிப்பூண்டிலேர்ந்து எழுதறேன். ரயில்வே ஸ்டேஷன்ல ரீல்ஸ் எடுக்கறவங்கள புடிச்சு உள்ள போடணும்னு நெறைய பேர் எழுதறாங்க, ஆபத்தா ரீல்ஸ் எடுத்தா கேஸ் போடுங்கன்னு ரயில்வே போர்டே 2024 நவம்பர்ல சொல்லிடுச்சு, அதுல எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்ல. ஆனா அந்த கோவம் இப்போ பிளாட்பார ஓரத்து மஞ்சக் கோட்டுக்கு இந்தாண்ட ஒதுங்கி நின்னு வர்ற வண்டிய படம் எடுக்கற பசங்க மேலயும் சேத்து விழுது. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க.

எங்க லைன் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். சென்ட்ரலுக்கு பக்கத்துல இருக்கற மூர்மார்க்கெட் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற யூனிட் வண்டி, அதாவது லோக்கல் ரயில், நெறைய எங்க ஊரோட நின்னுடும், சிலது எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள்ள தடா, சூளூர்பேட்டை வரைக்கும் போகும். காலைல சிப்காட் வேலைக்கு எறங்கற கூட்டமும் மெட்ராஸுக்கு காலேஜு, ஆஸ்பத்திரின்னு ஏறற கூட்டமும் ஒரே படிக்கட்டுல முட்டிக்கும், பாதி பேச்சு தமிழ்ல பாதி தெலுங்குல. இதுக்கு நடுவுலதான் ஜிடி, கோரமண்டல்னு பெரிய வண்டிங்க பாய்ஞ்சு போகும். 2022 அக்டோபர்லேர்ந்து சென்னை கூடூர் செக்ஷன்ல மணிக்கு 130 கிலோமீட்டர் வரைக்கும் வேகம், அதாவது ஒரு செகண்டுக்கு 36 மீட்டர். எல்ஹெச்பின்னு சொல்ற புது மாதிரி பெட்டி போட்ட முழு வண்டி ஒண்ணு அரை கிலோமீட்டருக்கு மேல நீளம் இருக்கும், அந்த வேகத்துல வந்தா பதினஞ்சு செகண்டுல மொத்தமா தாண்டிடும்.

அந்த பதினஞ்சு செகண்டுக்காக பசங்க எவ்ளோ யோசிக்கறாங்கன்னு கிட்ட நின்னு பாத்தாதான் தெரியும். நம்ம லைன் வடக்கு தெக்கா ஓடறதால காலைல வெயில் கெழக்கு பக்கம் அடிக்கும், அதனால பெட்டியோட கெழக்கு பக்கம் தெரியற மாதிரி நிக்கணும், சாயங்காலம் அப்படியே மாறிடும், உச்சி வெயில்ல எடுத்தா பெட்டிக்கு கீழ எல்லாம் இருட்டாயிடும். நேரா வர்ற இன்ஜின் கலங்காம விழணும்னா கேமரா ஷட்டர் தொறந்து மூடற நேரத்த ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்காவது கொறைக்கணும், இல்ல அறுபதுல ஒரு பங்குன்னு வெச்சு வண்டியோடவே கேமராவையும் திருப்பினா இன்ஜின் தெளிவா நிக்கும், பின்னாடி இருக்கற புளியமரமும் கரண்டு கம்பமும் கோடு கோடா ஓடும். இது வராம மாசக்கணக்கா முயற்சி பண்ற பசங்கள எனக்கு தெரியும். பிளாஷ் போட மாட்டாங்க, வண்டி ஓட்டற லோகோ பைலட்டுக்கு கண்ணு கூசும், அவர் சிக்னல பாக்கணும். மேல ஓடற கம்பில 25,000 வோல்ட், தொடவே வேணாம் கிட்ட போனாலே இழுத்துடும், அதனால செல்ஃபி ஸ்டிக் எடுத்துட்டு எவனாவது வந்தா இவங்களே சத்தம் போட்டு அனுப்பிடறாங்க. இன்ஜின பாத்ததுமே இது ராயபுரம் ஷெட்டு, இது விஜயவாடா ஷெட்டுன்னு அத பராமரிக்கற எடத்த சொல்லிடுவாங்க.

இதெல்லாம் வெட்டி வேலைன்னு நெனைக்கறவங்க ஒண்ணு யோசிச்சு பாருங்க. நாம சின்ன வயசுலேர்ந்து ஏறி போன நீல கலர் பெட்டி இருக்கே, அத நம்ம பெரம்பூர் ஐசிஎஃப்ல செய்யறத 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. இப்போ ஓடறது எல்லாம் மிச்சம் மீதி, அதுவும் வருஷத்துக்கு வருஷம் கொறைஞ்சுட்டே வருது. 1955ல தொடங்குன ஒரு ஃபேக்டரி நாடு பூரா அனுப்பின பெட்டி அது, அது எந்த ஸ்டேஷன்ல எப்படி நின்னுச்சு, எந்த இன்ஜின் இழுத்துச்சு, பக்கத்துல யார் மூட்டையோட நின்னாங்கன்னு இன்னைக்கு படம் புடிச்சு வெக்கறது யாரு? எங்க பக்கத்துல இந்த பசங்கதான்.

எங்க லைன்ல ஒரு ஸ்டேஷன்ல, எதுன்னு சொல்ல விரும்பல, எங்க தெருவுல பத்தாவது படிக்கற பையன ஒருத்தர் புடிச்சு நிறுத்தி போன வாங்கி படம் எல்லாத்தையும் அவன் கையாலயே அழிக்க வெச்சுட்டார். அந்த நீல பெட்டி படமா பாத்து பாத்து சேத்து வெச்சிருந்தான். கையில பிளாட்பாரம் டிக்கெட் இருக்கு, நின்னது மஞ்சக் கோட்டுக்கு இந்தாண்ட. என்ன தப்புன்னு கேட்டா செக்யூரிட்டின்னு ஒரே பதில். அவங்க அம்மா இனிமே ஸ்டேஷன் பக்கமே போகாதன்னு சொல்லிட்டாங்க, புள்ள ரெண்டு நாள் சரியா சாப்பிடல. எனக்கு வயிறு எரியுது சார்.

செக்யூரிட்டி வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். 2024 அக்டோபர் 11 ராத்திரி கவரைப்பேட்டைல நின்னுட்டிருந்த கூட்ஸ் மேல பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதுனது எங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச தூரம்தான். அதுக்கப்புறம் தண்டவாளம் பக்கம் தெரியாத ஆள் நின்னாலே நெஞ்சு படபடங்குது, விசாரிக்கத்தான் வேணும். ஆனா தண்டவாளத்துல எறங்கறவன புடிக்க 1989 ரயில்வே சட்டத்துல 147ன்னு தனி பிரிவே இருக்கு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அத போடுங்க. படில தொங்கறவன புடிங்க. எந்த வண்டி எங்க வருதுன்னு போன்லயே தெரியற காலத்துல, பிளாட்பாரத்துல நின்னு அதே வண்டிய படம் எடுத்தா என்ன ரகசியம் வெளில போயிடும்? சொல்லப்போனா தெனமும் உன்னிப்பா பாக்கற இந்த பசங்களுக்குத்தான் புது ஆளும் தெரியும், வழக்கத்துல இல்லாத சத்தமும் தெரியும்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. சினிமா ஷூட்டிங்குன்னா பர்மிஷன் வாங்கணும், பணம் கட்டணும், அது எல்லாருக்கும் தெரியும். சொந்தத்துக்கு போன்லயோ சின்ன கேமராலயோ எடுக்கறவங்க எங்க நிக்கலாம், எத எடுக்கக் கூடாதுன்னு தமிழ்லயும் தெலுங்குலயும் ஒரு போர்டு, டைம்டேபிள் பக்கத்துலயே வெச்சுடுங்க. ஆளுக்கு ஒரு சட்டம் பேசறது நிக்கும், பணியில இருக்கறவங்களுக்கும் தெளிவா இருக்கும். படத்த அழிக்க வெக்கறது மட்டும் வேணாம், சந்தேகம்னா வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.

உங்க பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். சென்ட்ரல்லேர்ந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் கரண்டு லைன் வந்தது 1979ல. அந்த காலத்து ஸ்டேஷன் படம், வண்டி படம் யார் வீட்டு பெட்டிலயாவது கெடக்கலாம், வாசகர்கள்கிட்ட கேட்டு வாங்கி ஒரு ஞாயித்துக்கிழம பக்கத்துல போடுங்க, அந்த பையன்கிட்ட நானே கொண்டு போய் காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்மிடிப்பூண்டி