ராஜா தலை ஸ்டாம்பும் ஒரு நசுங்கிய பன்னும்

அபிங்டன், இங்கிலாந்து,
12 மே 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தால் மட்டும் போதாது, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

போன வாரம் போனில் "அங்க ராஜா மாறிட்டாராமே, உங்களுக்கு லீவு உண்டா?" என்று கேட்டீர்கள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். வேலை பார்த்த காலம் முழுக்க ஊருக்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு இதை வாட்ஸ்அப்பில் தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை.

லீவு உண்டு. முடிசூட்டுக்காக 8ஆம் தேதி திங்கள்கிழமை நாடு முழுக்க விடுமுறை. ஆனால் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவளுக்கு ஏது லீவு? ராஜா யாராக இருந்தாலும் காலை எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்குத்தான்.

ராணி எலிசபெத் இறந்தது போன செப்டம்பர் 8, வியாழக்கிழமை. எழுபது வருஷத்துக்கு மேல் நாற்காலியில் இருந்தவர். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போதே கொடிகளைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கிவிட்டார்கள். சனிக்கிழமை புது ராஜா சார்லஸை லண்டனில் முறைப்படி அறிவித்ததும் அதே கொடிகளை உச்சிக்கு ஏற்றினார்கள். ஞாயிறு மத்தியானம் ஒரு மணிக்கு மறுபடியும் இறக்கினார்கள். துக்கத்துக்கு நடுவில் ஒரு நாள் சொச்சம் சந்தோஷம், பிறகு திரும்பவும் துக்கம். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. இவர்கள் கணக்குப்படி சிம்மாசனம் ஒரு நொடிகூடக் காலியாக இருக்கக் கூடாதாம். தாயார் கண்ணை மூடிய அந்தக் கணமே மகன் ராஜா. மற்றதெல்லாம் ஊருக்குத் தண்டோரா போடுவதுதான்.

அந்தத் தண்டோராவை நிஜமாகவே ஊர் ஊராகப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் அறிவிப்பை வாசித்தபோது, கூட்டத்தில் ஒருவர் "இவரைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று கத்தினார். போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு வழக்குப் போட்டு, அதையும் கைவிட்டார்கள். எங்கள் சமையலறையில் ஒரு வாரம் இதே பேச்சு. கத்தியது தப்பு என்றார்கள் சிலர், பிடித்தது தப்பு என்றார்கள் சிலர். நான் பாத்திரம் கழுவுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். விசாவில் இருப்பவளுக்கு இதில் அபிப்பிராயம் இருக்கலாம், சத்தம் கூடாது. ஆனால் உங்களிடம் சொல்கிறேன்: அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இத்தனைக்கும் நான் இருக்கும் இந்த அபிங்டனில் ஆக் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. மோரிஸ் என்ற நாட்டுப்புற ஆட்டம் ஆடுகிறவர்கள் வருஷா வருஷம் ஜூனில் அந்தத் தெருவுக்கு விளையாட்டுக்காக ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெருவாசிகள் மட்டும் ஓட்டுப் போட வேண்டும். ஜெயித்தவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். விளையாட்டு மேயருக்குத் தேர்தல் உண்டு, ராஜாவுக்குக் கிடையாது.

செப்டம்பர் 19 அடக்கத்தன்று இல்லத்தில் பெரிய டிவியை வைத்தோம். தேசிய கீதம் வந்தபோது சின்ன வயசு ஊழியர்கள் எல்லோரும் தடுமாறினார்கள். பிறந்ததிலிருந்து 'ராணியைக் கடவுள் காக்கட்டும்' என்றே பாடிப் பழகிய வாய், 'ராஜா' என்று வர மறுக்கிறது. தடுமாறாமல் பாடியது ஜன்னலோரம் உட்காரும் எங்கள் தொண்ணூற்றொரு வயசுப் பாட்டி மட்டும்தான். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் பாடியதே ராஜா பாட்டுதானே! ஆறாம் ஜார்ஜ் காலம். வாய் தானாகவே அங்கே போய்விட்டது.

அந்த ஆறாம் ஜார்ஜ் யார் தெரியுமா? அம்மாவின் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிற ராஜா தலை காசு இருக்கிறதே, அவரேதான். இப்போது இறந்த ராணி அவர் மகள். 1950 ஜனவரி 26 வரைக்கும் நமக்கும் அவர்தான் ராஜா. தாத்தாவும் இந்தப் பாட்டியும் ஒரே ராஜாவின் குடிமக்களாக இருந்தவர்கள். பாட்டிக்குச் சூப் ஊட்டும்போது இது ஞாபகம் வந்து, கரண்டி ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

1953இல் ராணிக்கு முடிசூட்டியபோது என்ன செய்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். ஊர்வலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "சர்க்கரை" என்றார். யுத்தம் முடிந்து எட்டு வருஷம் ஆகியும் அப்போது சர்க்கரைக்கு ரேஷன் கார்டு இருந்ததாம். நம் அப்பத்தா ரேஷன் கடை மண்ணெண்ணெய் பற்றிப் பேசும்போது எப்படிக் கையை ஆட்டுவாரோ, அதே கையாட்டல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் ராஜ குடும்பத்தில் பெரிய விசேஷம் என்றால் பன் வீசுவார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. டீக்கடை பன் மாதிரிதான், உள்ளே உலர்ந்த திராட்சை போட்டது. 1761இல் மூன்றாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய காலத்திலிருந்து வரும் வழக்கம். சந்தைத் திடலில் கவுண்டி ஹால் என்று ஒரு பழைய கல் கட்டடம். கீழே நான்கு பக்கமும் திறந்த வளைவுகள், அங்கே சந்தை. மேலே கோர்ட்டு நடந்த பெரிய கூடம். கட்டி முந்நூற்று நாற்பது வருஷம் ஆகிறது. இந்த முடிசூட்டுக்கும் அதன் மொட்டை மாடியிலிருந்து மேயரும் கவுன்சிலர்களும் அங்கி மாட்டிக்கொண்டு கூடை கூடையாகப் பன்னை எடுத்துக் கூட்டத்தின்மேல் வீசினார்கள்.

நம் பக்கம் சேவுகம்பட்டியில் தை மாசம் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவார்களே, அப்படியே! உங்கள் தோளில் உட்கார்ந்து நான் பழம் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கே நேர்ந்துகொண்டவர்கள் வீசுகிறார்கள், இங்கே நகரசபை வீசுகிறது. கூட்டம் ஒரே கூட்டம்தான். ஒரு பெரியவர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தார். ஒரு குடும்பம் மீன் பிடிக்கும் வலையோடு வந்திருந்தது. வரிசையில் நிற்கும்போது இடித்துவிட்டால் பத்துத் தடவை சாரி கேட்கிற இந்த ஜனங்கள், பன் வர ஆரம்பித்ததும் முழங்கையால் குத்தினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வந்து இரண்டு வருஷத்தில் அன்றுதான் இவர்களில் நானும் ஒருத்தி என்று தோன்றியது.

முதல் பன் என் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அதை ஒரு சின்னப் பையன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இரண்டாவதைத் துப்பட்டாவில் பிடித்தேன். பக்கத்திலிருந்த அம்மாளும் அதே பன்னைப் பிடித்திருந்ததால் கொஞ்சம் நசுங்கிவிட்டது. அவரே சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார்.

கேளுங்கள், இதைச் சாப்பிடாமல் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கவுண்டி ஹாலிலேயே இருக்கும் மியூசியத்தில் பழைய பழைய பன்களைக் காய வைத்து, வார்னிஷ் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு விசேஷத்தில் வீசியது. பார்த்தால் நம் வீட்டுப் பின்கட்டில் காய்கிற வறட்டி போல இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் நகப்பூச்சைத் தடவி ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டாள். நான் என்னுடையதைப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாலில் நனைத்து முழுவதும் சாப்பிட்டார். இனிப்பு போதவில்லையாம்.

இனி உங்கள் விஷயம். இந்த நாட்டு ஸ்டாம்பில் நாட்டின் பெயர் அச்சிடுவதில்லை, ராஜா தலை மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் எனக்குச் சொன்னது. புது ராஜா தலை போட்ட ஸ்டாம்பு ஏப்ரல் 4ஆம் தேதி வெளிவந்தது. பார்கோடு உள்ள ராணி தலை ஸ்டாம்பும் செல்லும். காசிலும் இரண்டு தலையும் கலந்து புழங்குகிறது. ராணி வலது பக்கம் பார்ப்பார், புது ராஜா இடது பக்கம். ஒருவர் மாறினால் முகம் திரும்ப வேண்டும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் சார்லஸ் காலத்து வழக்கம். தபால் பெட்டிகளை மட்டும் தொடுவதில்லை. எந்த ராஜா காலத்தில் நட்டார்களோ, அந்த ராஜா பெயரின் முதலெழுத்து அதில் அப்படியே இருக்கும். விக்டோரியா எழுத்துள்ள பெட்டியில்கூட இன்னும் கடிதம் எடுக்கிறார்கள். நம் ஊரில் என்றால் முதல் நாளே பெயிண்ட் டப்பாவோடு ஆள் வந்திருப்பார்.

இந்தக் கவரில் ராணி ஸ்டாம்பு ஒன்று, ராஜா ஸ்டாம்பு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கவுண்டரில் இருப்பவரிடம் முத்திரை தெளிவாக விழட்டும் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். தம்பி கையில் கொடுக்காதீர்கள், அவன் கவரை இழுத்துக் கிழிப்பான். நீங்களே கத்தரிக்கோலால் வலது ஓரத்தை விட்டு வெட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்