மேடையை ஒட்டிய இடம்தான் நல்ல இடமா? அவதார் இசை நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அவதார் இசை நிகழ்ச்சிகளை வடிவமைப்போருக்கும், அரங்குகளை நடத்துவோருக்கும், டிக்கெட் விற்போருக்கும்

வணக்கம்.

உங்கள் அரங்க வரைபடத்தில் மேடையை ஒட்டிய பகுதிக்கு அதிக விலையும், தள்ளிப் போகப் போகக் குறைந்த விலையும் வைக்கிறீர்கள். பாடகர் நேரில் வந்து நிற்கும் மேடைக்கு அந்தக் கணக்கு சரி. அவர் முகத்தை அருகில் பார்க்க ரசிகர் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பாடகருக்குப் பதிலாகத் திரையில் தோன்றும் கணினி உருவமான அவதாருக்கு அது பொருந்தாது. அங்கே மிக அதிக விலை கொடுத்து முன்னால் நிற்பவருக்குத் தட்டையான படம்தான் கிடைக்கிறது. நடு விலை கொடுத்தவருக்கே மேடையில் ஆள் நிற்பது போன்ற தோற்றம் கிடைக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்து விலை வைப்பதை நிறுத்துங்கள், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் என்ன தெரியும் என்பதை விற்கும்போதே சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். காரணங்களை எண்களோடு தருகிறோம். டிக்கெட் எடுக்கப் போகிறவர்களும் இந்த எண்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதலில் எந்த நுட்பம் என்பதைச் சொல்லுங்கள். ‘ஹோலோகிராம் நிகழ்ச்சி’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு நுட்பங்கள் விற்கப்படுகின்றன. மூன்றுக்கும் நல்ல இடம் வேறு வேறு. ஒன்று, பெரிய எல்இடி திரை. லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் 2022 மே 27 அன்று தொடங்கிய, ஸ்வீடன் பாப் குழுவான ஆபாவின் ‘ஆபா வோயேஜ்’ இந்த வகை. சுமார் 3,000 பேர் கொள்ளும் அரங்கு, 6.5 கோடி பிக்சல் கொண்ட திரை, அதோடு மேடையில் நேரடியாக வாசிக்கும் 10 பேர் குழு. இரண்டாவது, ஒளி ஊடுருவும் பலகையில் பின்னாலிருந்து புரொஜெக்டர் பாய்ச்சுவது. ஜப்பானின் கணினிப் பாடகி ஹாட்சுனே மிகுவின் நிகழ்ச்சிகள் இப்படித்தான் புகழ்பெற்றன. மூன்றாவது, 45 டிகிரி சாய்த்துக் கட்டிய மெல்லிய படலத்தில் பிம்பத்தைப் பிரதிபலிக்கச் செய்வது. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய ஆவித் தோற்றத்தின் நேர் வாரிசு இது. 2012இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில், மறைந்த ராப் பாடகர் டூபாக் தோன்றியதும் இதே வழியில்தான்.

2024இல் மிகுவின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஒளி ஊடுருவும் பலகைக்குப் பதில் எல்இடி திரை வைக்கப்பட்டபோது பல ரசிகர்கள் வெளிப்படையாக வருந்தினார்கள். அந்த வருத்தம் முழுக்க நியாயமானது. எல்இடி கெட்ட நுட்பம் இல்லை. ஆனால் ஒரு நுட்பத்தை மனத்தில் வைத்து இடம் தேர்ந்தெடுத்தவருக்கு வேறொன்றைக் கொடுத்தால் அவர் தேர்ந்த இடமும் தவறாகிவிடும்.

இப்போது எல்இடி திரைக்கு வருவோம். பெரிய அரங்குகளில் இனி அதிகம் வரப்போவது இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

திரையில் தெரியும் காட்சி ஒரே ஒரு கற்பனைக் கேமராவின் பார்வையில் வரையப்பட்டது. அந்தக் கேமரா அரங்கில் எந்தப் புள்ளியில் இருப்பதாகக் கொண்டு வரைந்தார்களோ, அந்தப் புள்ளியில் உங்கள் கண் இருந்தால் ஆழம், நிழல், தரை எல்லாம் ஒத்துப்போகும். அங்கிருந்து விலக விலக அவை ஒத்துப்போகாமல் ஆகிவிடும். பக்கவாட்டில் விலகுவதுதான் பெரிய கேடு. திரையின் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி தள்ளி உட்கார்ந்தால் உருவத்தின் அகலம் 87 சதவீதமாகச் சுருங்கும். பெரும்பாலோர் அதைக் கவனிக்கமாட்டார்கள். 45 டிகிரியில் 71 சதவீதம், பாடகி ஒல்லியாகிவிடுவார். 60 டிகிரியில் சரிபாதி. அதோடு, உண்மையான ஆள் நின்றால் பக்கத்திலிருந்து அவர் கன்னம் தெரிய வேண்டும். இங்கே எந்தப் பக்கம் போனாலும் அதே நேர் முகம்தான் தெரியும். ஆகவே டிக்கெட் எடுப்பவர்களுக்கு எங்கள் முதல் விதி: நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 30 டிகிரிக்குள் கிடைத்தால், பத்து வரிசை பின்னால் போனாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் மேடையின் நடுப்புள்ளியிலிருந்து அரங்குக்குள் 10 சென்டிமீட்டர் நேர்கோடு போட்டு, அதன் முனையிலிருந்து பக்கவாட்டில் 5.8 சென்டிமீட்டர் அளந்தால் 30 டிகிரி கிடைத்துவிடும்.

அடுத்தது தூரம். நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், அருகில் இருக்கும் பொருளின் ஆழத்தை மூளை துல்லியமாக அளந்துவிடும். ஒரு பாடகர் முன்னாலும் இன்னொருவர் 2 மீட்டர் பின்னாலும் நிற்பதாகத் திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் நிற்பவரின் கண்கள், இருவரும் ஒரே தளத்தில் ஒட்டியிருப்பதை உடனே பிடித்துவிடும். 30 மீட்டரில், இரு கண்களும் காணும் காட்சிகளுக்கு இடையிலான வேறுபாடு எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்போது மூளை வெளிச்சத்தையும் நிழலையும் அசைவையும் நம்பத் தொடங்கும். ஆடிக்கொண்டே பார்ப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலை இடவலமாக நகரும்போது முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒருவருக்கொருவர் நகர்ந்து தெரிய வேண்டும். தட்டைத் திரையில் அது நடக்காது. இதுவும் அருகில்தான் உறுத்தும்.

பிக்சல்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியாமல் மறையும் தூரத்துக்கு எளிய கணக்கு இருக்கிறது. பிக்சல் இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ அதை 3.4ஆல் பெருக்கினால், அத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 2.6 மில்லிமீட்டர் திரைக்கு சுமார் 9 மீட்டர், 3.9க்கு 13 மீட்டர், 5.9க்கு 20 மீட்டர். இந்த ஓர் எண்ணை டிக்கெட் பக்கத்தில் போட உங்களுக்கு ஒரு வரி போதும். ஏன் எவரும் போடுவதில்லை என்பது எங்களுக்குப் புரியவே இல்லை.

அதிக தூரமும் நல்லதல்ல. ஆளுயர அவதார் நடுத்திரையில் இருக்க, பக்கத் திரைகளில் முகங்கள் பெரிதாக வரும் அமைப்பில், பக்கத் திரைகளையும் சேர்த்த மொத்த அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இருப்பது வசதி. அங்கிருந்து முழுத் திரையும் சுமார் 53 டிகிரிக்குள் அடங்கும். கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அதன் பாதித் தூரத்தில் அது 90 டிகிரி ஆகிவிடும். ஒரு பக்க முகத்தைப் பார்த்தால் மறு பக்கம் போய்விடும்.

உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கற்பனைக் கேமரா தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வரைந்துவிட்டு, 20 மீட்டர் தள்ளி, 9 மீட்டர் உயரப் படிக்கட்டு இருக்கையை விற்றால், அங்கே உட்காருபவர் 19 டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறார். உண்மை மேடையானால் அவருக்குத் தரை விரிந்து தெரியும். பின்னால் நிற்பவரின் பாதம் முன்னால் நிற்பவரின் பாதத்தைவிட நன்றாக மேலே தெரியும். திரையிலோ இருவர் பாதமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். பின்னால் நிற்பவர் வெறுமனே சிறுத்துப்போனவராகத் தெரிவார். அவதார் தோற்றம் உடையும் இடம் எப்போதும் பாதம்தான். திரை முடிந்து மேடைத் தரை தொடங்கும் விளிம்பு அங்கே இருக்கிறது. நடு உயரத்தில், தரைக் கூட்டத்தின் தலைகள் அந்த விளிம்பை மட்டும் மறைக்கும் வரிசைகள் சில உண்டு. எங்கள் கணிப்பில் அரங்கிலேயே மிகச் சிறந்த இடம் அவைதான். படிக்கட்டுப் பகுதியின் கீழ் மூன்றில் ஒரு பங்கு, நடுக்கோட்டுக்கு நேரே.

நின்று பார்க்கும் தரைப் பகுதிக்கு நீங்கள் சொல்லவேண்டிய விவரங்கள் இரண்டு: மேடையின் உயரம், தரைக்குச் சரிவு உண்டா என்பது. இவை இல்லாமல் உயரம் குறைந்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கண் 1.45 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு மீட்டர் முன்னால் 1.80 மீட்டர் ஆள் நின்றால், 20 மீட்டர் தள்ளியிருக்கும் திரையில் 8 மீட்டருக்கு மேல் வரை மறைந்துவிடும். ஆளுயர அவதார் முழுவதுமாகக் காணாமல் போகும். பக்கத் திரை முகங்களின் மேற்பகுதிதான் மிச்சம். திரை 5 மீட்டரில் இருந்தால் மறைவது 3.2 மீட்டர் வரை. ஆக, சமதளத் தரையில் உயரம் குறைந்தவருக்கு வழி இரண்டே: கம்பித் தடுப்பை ஒட்டி நின்று தட்டைப் படத்தைப் பொறுத்துக்கொள்வது, அல்லது இருக்கை எடுப்பது. ஆட வேண்டும் என்பவர்களுக்கு, தரையின் பின் ஓரம் ஒரு படி உயர்த்தப்பட்டிருந்தால் அதுவே சிறந்தது. 30 சென்டிமீட்டர் மேடு கூட மேலே சொன்ன கணக்கில் 35 சென்டிமீட்டர் வித்தியாசத்தை 5 சென்டிமீட்டராக்கிவிடும். இப்படியொரு மேடு இருந்தால் அதை வரைபடத்தில் காட்டுங்கள், இல்லையென்றால் கட்டுங்கள்.

ஒலி. சாதாரண அறையில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 10 மீட்டருக்கு 29 மில்லி நொடி, 40 மீட்டருக்கு 117. உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி 125 மில்லி நொடி வரை தாமதித்தால் பலருக்கு உறுத்தாது. ஆனால் ஒலி முந்தி வந்தால் 45 மில்லி நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். திரைக்குப் படம் போய்ச்சேர ஆகும் தாமதத்தைச் சரியாக ஈடுகட்டாவிட்டால், மேடை ஓர ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நிற்பவருக்குப் பாட்டு வாயசைவை முந்திவிடும். வேறு கச்சேரியில் இதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். இங்கே வாயசைவு பிசகினால் உயிருள்ள ஆள் என்ற நம்பிக்கையே போய்விடும். ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பொறியாளர் தன் காதால் சரிபார்ப்பது அங்கேதான். மேசைக்கு நேர் பின்னால் மட்டும் வேண்டாம், கருவிகள் மறைக்கும். அந்த வரிசைகளை முழு விலைக்கு விற்கவும் கூடாது.

மேல்தளம் கூரைபோல் தலைக்குமேல் நீளும் இருக்கைகளுக்கும் ஒரு குறிப்பு தேவை. அவதார் மேல் விழும் திரை வெளிச்சத்தோடு அரங்கின் உண்மையான விளக்குகள் ஒரே நொடியில் நிறம் மாறுவதால்தான் திரையும் அரங்கும் ஒன்றாகத் தெரிகின்றன. மேலே தொங்கும் விளக்குகள் தெரியாத இடத்தில் உட்கார்ந்தவருக்கு அது பெரிய தொலைக்காட்சிதான்.

மற்ற இரு நுட்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னொளிப் பலகையில் வெளிச்சம் நேர் எதிரே அதிகம், பக்கவாட்டில் வேகமாக மங்கும். புரொஜெக்டரின் வாயும் உங்கள் கண்ணும் ஒரே கோட்டில் வந்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அதனால் நடுக்கோட்டில், முதல் சில வரிசைகளைத் தவிர்த்து எடுப்பது நல்லது. சாய்ந்த படலத்தில் பிம்பம் படலத்துக்குப் பின்னால் உண்மையான ஆழத்தில் தெரியும் என்பதால், அருகிலிருந்தும் மேடைப் பொருட்களோடு பொருந்தும். அது அதன் தனிச் சிறப்பு. ஆனால் உயரத்திலிருந்து பார்த்தால் தரையில் ஒளித்துவைத்த மூலத் திரை நேராகவே தெரிந்துவிடும், ஓரத்தில் இருந்தால் படலத்தின் விளிம்பில் உருவம் வெட்டுப்படும். அடித்தொனி அதிர்வில் படலம் நடுங்கினால் அவதாரும் நடுங்கும். ஒத்திகையில் முழு ஒலியோடு இதைச் சோதிக்க வேண்டியது உங்கள் வேலை.

வரைபடத்தில் கேமராப் புள்ளியை ஒரு சிவப்புப் புள்ளியாகக் குறியுங்கள். ஒவ்வொரு பகுதியின் நடு இருக்கையிலிருந்தும், உட்கார்ந்தவரின் கண் உயரத்தில், நிகழ்ச்சியின் காட்சி திரையில் ஓடும்போது எடுத்த ஒரு புகைப்படம் போடுங்கள். கணினியில் வரைந்த காலி அரங்கு எதையும் சொல்வதில்லை. 45 டிகிரிக்கு வெளியே உள்ள இருக்கைகளுக்குப் பக்கவாட்டுப் பார்வை என்று எழுதி விலையைக் குறையுங்கள்.

சக்கர நாற்காலி இடங்களைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாட்டுக்கு முன்வரிசை எழுந்து நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களே எழுந்து ஆடச் சொல்கிறீர்கள். அப்படியிருக்க, உட்கார்ந்திருக்கும் முன்வரிசையை வைத்துப் பார்வைக் கோட்டைக் கணக்கிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. நிற்கும் தலைகளுக்கு மேலாகத் திரையின் அடிவிளிம்பு தெரியும் உயரத்துக்குச் சக்கர நாற்காலிகள் நிற்கும் மேடையை ஏற்றுங்கள். அதை அரங்கின் ஓரத்தில் 60 டிகிரியில் ஒதுக்காமல் நடுக்கோட்டுக்கு 30 டிகிரிக்குள் வையுங்கள். உடன் வருபவருக்கு அதே வரிசையில் இடம் கொடுங்கள். அடுத்த விற்பனை தொடங்கும் முன் இந்த ஒரு மாற்றத்தையாவது செய்துவிட்டு, வரைபடத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அவதார் இசை நிகழ்ச்சிகளை நேசிக்கும் ரசிகர்கள்