கடற்கரைப் பந்தும் ஒரு பழைய சாயங்காலமும்

பெசன்ட் நகர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனைக் கோபமாக வைத்துவிட்டாய். "62 வயசுல பந்தடிக்கப் போறியாம்மா? விழுந்து இடுப்பு உடைஞ்சா யார் பார்க்கிறது?" என்று கேட்டாய். டல்லாஸில் உட்கார்ந்துகொண்டு நீ பயப்படுவது நியாயம்தான். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இன்று ஆட்டம் முடிந்து வந்து, குளித்து, காபி குடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்த டாட்ஜ் பாலை, அதாவது எதிரணிக்காரர் மீது பந்தை எறிந்து அவுட் ஆக்குகிற ஆட்டத்தை, நாங்கள் எப்படி ஆடுகிறோம் என்று தெரிந்துகொள். எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மணலில் கயிறு போடுவோம். வாலிபால் கோர்ட் அளவு: நீளம் 18 மீட்டர், அகலம் 9. நடுவில் ஒரு கயிறு. எப்போதும் வடக்கு தெற்காகத்தான் போடுவோம். கிழக்கே கடல் அல்லவா, சூரியன் ஏறும்போது ஒரே அணியின் கண்ணில் அடிக்கக் கூடாது. காற்றும் விடிகாலையில் ஊர்ப்பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசும். ஸ்பாஞ்ச் பந்து லேசு, காற்று அதை ஒதுக்கிக்கொண்டு போய்விடும். வடக்கு தெற்காக நின்றால் அந்தச் சிரமம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். இதை யோசித்துச் சொன்னது உன் அப்பா. அவர் ஆடுவதில்லை. ஃபிளாஸ்கோடு உட்கார்ந்து கணக்கு வைத்துக்கொள்வார், அலைப்பக்கம் ஓடுகிற பந்தை எடுத்து வந்து தருவார்.

அணி பிரிப்பது சாட் பூட் த்ரீ போட்டுத்தான். போட்டி ஆட்டத்தில் பக்கத்துக்கு 6 பேர் என்பார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை, வந்தவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. எட்டு வயசுப் பையனும் இருக்கிறான், 71 வயசில் ஒரு ரிட்டயர்டு தபால்காரரும் இருக்கிறார். பந்து மேலே பட்டால் வெளியே போக வேண்டும். தலையில் பட்டால் கணக்கில்லை, எறிந்தவர்தான் மன்னிப்புக் கேட்பார். பெரிய பையன்கள் சின்னப் பிள்ளைகள் மீதும் எங்கள் மீதும் எறியும்போது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, கீழிருந்து உருட்டி எறிவதுபோல்தான் எறியலாம். பத்து வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இரண்டு உயிர். நம் தெருவில் பொடிசுகளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அது இங்கே கிடையாது. அவர்கள் எறிந்து பட்டாலும் அவுட்தான். போன வாரம் அந்த எட்டு வயசுக்காரன் ஒரு பேங்க் அதிகாரியை அவுட் ஆக்கிவிட்டு, மணலில் நான்கு குட்டிக்கரணம் போட்டான்.

அமெரிக்காவில் பல பள்ளிக்கூடங்களில் இந்த டாட்ஜ் பாலையே நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாயே, அதை இரவு முழுக்க யோசித்தேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பயந்த குழந்தை மீதுதான் முதல் பந்து வரும். அது அவுட் ஆகி ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கும். என் பள்ளியிலும் பி.டி. பீரியடில் வட்டம் கட்டி இதே ஆட்டம்தான், நடுவில் நின்று முதலில் அடி வாங்குகிறவள் நானாகத்தான் இருந்தேன். அதனால் எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

ஆனால் இந்த ஆட்டத்திலேயே அதற்கு மருந்தும் இருக்கிறது கண்ணம்மா. வருகிற பந்தை நீ கீழே விடாமல் பிடித்துவிட்டால், எறிந்தவர் அவுட். அதோடு நம் பக்கத்தில் முதலில் வெளியே போனவர் உள்ளே வருவார், கபடியில் உயிர் வருகிற மாதிரி. எங்கள் பக்கத்தில் அதிகம் பிடிப்பது யார் தெரியுமா? வயசானவர்கள்தான். ஓடி ஒதுங்கக் கால் ஒத்துழைக்காது. அதனால் நின்ற இடத்தில் நின்று பந்தைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கப் பழகிக்கொண்டோம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊரூர் குப்பத்துக்காரர் ஒருவர், பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டு எங்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். "உள்ளங்கையால தடுக்காதீங்கம்மா, தெறிச்சுடும். வர்ற பந்தை வயித்துப் பக்கம் இழுத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பந்து நிற்கிறது. நான் பிடித்ததும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு ஓடிவரும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

சண்டையும் வரும். பட்டது, படவில்லை என்று இரண்டு பிள்ளைகள் காய் விட்டுக்கொள்வார்கள். அடுத்த ரவுண்டில் ஒரே பக்கம் விழுந்தால் பழம்.

விழுவதைப் பற்றிக் கேட்டாய். மறைக்க மாட்டேன், மார்ச் மாதம் ஒருமுறை விழுந்தேன். கணுக்கால் பிசகி நான்கு நாள் நொண்டினேன். உன்னிடம் சொல்லாதது தப்புதான். அதற்கப்புறம் காலில் புதைகிற மணலை விட்டுவிட்டு, கொஞ்சம் இறுகின இடமாகப் பார்த்துக் கயிறு போடுகிறோம். ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வரிசையாக நடந்து கண்ணாடிச் சில்லு, கம்பி எல்லாம் பொறுக்குவோம். ஒவ்வொரு காலிலும் பத்து எண்ணும் வரை நிற்போம். டாக்டரிடமும் கேட்டேன். 65 வயசு தாண்டினவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடம்பைத் தடுமாறாமல் நிறுத்தப் பழக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, நீங்கள் முன்னாலேயே ஆரம்பித்தது நல்லதுதான், பார்த்து ஆடுங்கள் என்றார். மே மாதம் கத்திரி வெயிலில் ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் முடித்துவிட்டோம்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கூட்டத்தில் 14 வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இடது கைக்காரி. நடுக்கயிறு வரை ஓடிவந்து, எறிவது போலக் காட்டிவிட்டு, எதிராளி குனிந்த பிறகு எறிவாள். அவளுடைய அம்மா எதிர்ப்பக்கம் நின்று, "எங்கே எறி பார்ப்போம்" என்று கத்துவாள். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கை ஓடவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

2002-ல் உனக்கு 13 வயசு. கீழே காம்பவுண்டில் ஏழு கல் ஆடிக்கொண்டிருந்தாய். ஓட்டாஞ்சில்லு சரிந்து கிடந்தது, பந்து உன் கையில் இருந்தது. நான் பால்கனியிலிருந்து, "போதும், மேலே வா" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. பந்தைத் தரையில் வைத்துவிட்டுப் படியேறி வந்தாய். பெரியவளாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அக்கம் பக்கத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை, நீ படியேறின சத்தம் மட்டும் இருக்கிறது. மறுநாள் நீ கீழே போகவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே போகவில்லை. என்னையும் என் அம்மா அதே வயசில்தான் நிறுத்தினாள். அதனால் அது எனக்குச் சரியென்றே பட்டது. அது சரியில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சாயங்காலம் மட்டுமில்லை என்று, அந்த இடது கைக்காரி எறிவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னை மன்னித்துவிடு கண்ணம்மா. இதை நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது.

டிசம்பர் லீவில் வருகிறீர்கள் அல்லவா? மாசக் கடைசியில் இங்கே ஆறரை மணி வாக்கில்தான் வெளிச்சம் நன்றாக வரும். ஆறேகாலுக்குக் கயிறு போடுவோம், பேத்தியை எழுப்பிக் கூட்டி வா. மாப்பிள்ளையும் வரட்டும், ஷூ எல்லாம் வேண்டாம், வெறுங்கால்தான். பெரியமேட்டுக் கடைக்குப் போனபோது நீலத்தில் ஒரு பந்து தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வெயில் ஏறினாலும் பரவாயில்லை. நீயாகப் போதும் என்று சொல்கிறவரை நான் உன்னைக் கூப்பிட மாட்டேன்.

அன்புடன்,
அம்மா